சாரல் பட்டால் தெரிகிற எழுத்து

மே 22, வியாழன்

பேட்டரிக் கடைக்காரர் தை மாசம் கொடுத்த டைரி. பீரோ மேலே கிடந்து தூசி தின்றுகொண்டிருந்தது. இன்றைக்குத்தான் எடுத்துத் துடைத்தேன். நான் படித்தது மூணாப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியாருக்கு டீ வாங்கப் போனதில் கழிந்தது. எழுத்துப் பிழை இருந்தால் டைரி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்லிச் சிரிப்பது என் பழக்கம். இப்போது கேட்பதற்குச் சுவரில் ஒரு பல்லி இருக்கு. அது சரியான இடத்தில் சிரிக்க மாட்டேன் என்கிறது. அதான் எழுதிப் பார்க்கலாம் என்று.

என் பேர் நயினார். பொங்கல் கழிந்து தென்காசியில் ஆல்வின் தம்பி கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன்னால் வேறு கடையிலும் இதே வேலைதான். கார் பாலிஷ் கடை. போர்டில் இங்கிலீஷில் என்னமோ பெரிதாகப் போட்டிருக்கு. என்னைக் கேட்டால் காருக்கு முகச்சவரம் பண்ணுகிற கடை என்பேன். மங்கின பெயிண்ட், கோடு விழுந்த பெயிண்ட் எல்லாவற்றையும் மெஷின் வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவோம். தேய்ப்பது நான். ஆல்வினுக்கு வயசு முப்பதுதான். எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால் அந்த வயசில் இருப்பான். 'முதலாளி' என்று கூப்பிட்டால் கூசிப்போவான். அதற்காகவே கூப்பிடுவேன்.

வருகிற வண்டிக்கெல்லாம் பேர் வைப்பது என் வழக்கம். இன்றைக்கு வந்த பெரிய கறுப்புக் காருக்குப் பேர் 'பண்ணையார்'. மண் ஒட்டின துணியைப் போட்டுத் தினமும் துடைத்து மேலெல்லாம் கோடு. "தேய்ச்சா சரியாயிருமா?" என்று சொந்தக்காரர் கேட்டார். "பண்ணையாருக்கு உடம்பு அரிச்சிருக்கு, சொறிஞ்சுட்டார். அவ்வளவுதான் சார்" என்றேன். அவர் முறைத்தார். ஆல்வின் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தான்.

மே 24, சனி

மத்தியானம் ஒரு வெள்ளை வேன் வந்தது. ஓட்டி வந்தது ஒரு பொம்பளை. குழல்வாய்மொழி என்று குற்றாலத்து அம்மன் பேர். குழலி என்று கூப்பிடுகிறார்கள். நாற்பது வயசு இருக்கும். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டினவள்.

"அண்ணாச்சி, இது மேல இருக்கிற எழுத்து போவணும்" என்றாள்.

எனக்கு எழுத்து எதுவும் தெரியவில்லை. வெயிலில் நின்று நின்று பெயிண்ட் சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளுத்திருந்தது. தடவினால் விரலில் மாவு ஒட்டியது.

"எழுத்து எங்க இருக்கு? உன் கண்ணுலயா?"

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வண்டியின் பக்கவாட்டில் விசிறினாள். மற்ற இடமெல்லாம் தண்ணீர் படர்ந்து வழிந்தது. நடுவில் மட்டும் துளித்துளியாக நின்றது. துளிகள் எல்லாம் சேர்ந்து எழுத்தாக நின்றன. அமரர் ஊர்தி. எனக்கு எதையும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இதைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

வியாபாரிகள் சங்கத்து வண்டி. ஐஸ் பெட்டி வைத்த பெரிய வண்டி வந்ததும் இதை விற்றுவிட்டார்கள். ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டார்கள், ஆனால் ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பெயிண்டில் வெயில் படவில்லை. அது மட்டும் வழவழப்பாக இருக்கு. காய்ந்தால் ஒன்றும் தெரியாது. நனைந்தால் வாசிக்கலாம்.

"போயும் போயும் பொண வண்டியையாக்கா வாங்கினிய?" என்று ஆல்வின் கேட்டே விட்டான்.

"மெதுவாவே ஓடுன வண்டி தம்பி. உள்ள இருந்த ஒரு ஆளும் வேகமாப் போன்னு சொன்னதில்ல. எஞ்சின் புதுசு மாதிரி இருக்கு."

என்னைவிடப் பெரிய வாய். எனக்குப் பிடித்துப்போனது.

அப்புறம் குரலை இறக்கிச் சொன்னாள். "ஆட்டோவக் கொடுத்துத்தான் இத வாங்கினேன். பெர்மிட் மாத்தியாச்சு. சீசனுக்கு வாரவங்கள ஸ்டேஷன்ல இருந்து அருவிக்கு ஏத்திட்டுப் போனாத்தான் எனக்குப் பொழப்பு. சீசன்னா சாரல். சாரல்ல இந்த எழுத்து தெரிஞ்சா ஒருத்தன் ஏறுவானா அண்ணாச்சி? வேற எதுவும் எங்கிட்ட இல்ல."

ஆல்வின் பின் கதவைத் திறக்கப் பார்த்தான். அசையவில்லை. "மேல தூக்கிட்டு இடது பக்கமாத் தள்ளு" என்றேன். திறந்துகொண்டது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லா வேனும் அப்படித்தான்."

எல்லா வேனும் அப்படி இல்லை.

மே 25, ஞாயிறு

லீவு. துணி துவைத்தேன். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். மிஞ்சிவிட்டது. எப்போதும் மிஞ்சுகிறது. கை பழகின அளவு அது.

மே 26, திங்கள்

வேனைக் கழுவிப் பார்த்தால் இன்னொரு கூத்து. குழலி எங்களிடம் வருவதற்கு முன்னாலேயே வீட்டில் பாத்திரம் தேய்க்கிற நாரை வைத்து வேலை பார்த்திருக்கிறாள். அதுவும் எப்படி? எழுத்தின் மேலேயே, அ-வுக்கு அ, ம-வுக்கு ம, சுழி விடாமல் சுற்றிச் சுற்றித் தேய்த்திருக்கிறாள். சிலேட்டில் வாத்தியார் எழுதினதன் மேலேயே நாங்கள் எழுதிப் பழகுவோமே, அதே மாதிரி. போகவேண்டிய எழுத்து இன்னும் நன்றாகப் பதிந்துவிட்டது.

"உனக்கு நூத்துக்கு நூறு. ஒரு சுழியும் விடல" என்று போனில் சொன்னேன்.

"கைநாட்டா இருந்திருந்தா தப்பிச்சிருக்கும், இல்ல?" என்றாள்.

எழுத்தை அழிக்க எழுத்தைத் தேய்க்கக்கூடாது. அதைச் சுற்றி இருக்கிற இடத்தையும் சேர்த்து, மொத்தப் பலகையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். காம்பவுண்ட் பசையைத் தடவி, மெஷினில் ரோமப் பஞ்சை மாட்டி, குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை. வெளுத்த மாவெல்லாம் பஞ்சில் வந்து ஏறும். அடியில் இருக்கிற நல்ல பெயிண்ட் மேலே வரும். ரொம்பத் தேய்த்தால் அந்த நல்லதும் போய் அடிப்பூச்சு பல்லைக் காட்டும். தேய்க்கத் தெரிந்தவனைவிட நிறுத்தத் தெரிந்தவன்தான் பாலிஷ்காரன்.

உள்ளே இருக்கிற வேலையெல்லாம் சீட்டு தைக்கிற கடைக்காரர் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்கு முட்டி வலி. குனிந்து ஏற முடியாது. போன வாரம் பண்ணையாருக்குள் ஏறிச் சீட்டுக்கு அடியில் படுத்துத் துடைத்தேன்தான். அது போன வாரம்.

மே 27, செவ்வாய்

பின் கதவின் உள்விளிம்பில், ரப்பர் மடிப்புக்குப் பக்கத்தில், சிவப்பாக விரல் தடம். குங்குமம். ஆல்வின்தான் பார்த்தான்.

"இதையும் துடைச்சு விட்டிருங்க அண்ணாச்சி."

"அது சாயம்டே. பெயிண்டுக்குள்ள இறங்கிட்டு. துடைச்சா கதவு பூரா இழுத்துக்கிட்டுப் போவும். கடைசியில பாத்துக்கிடலாம்."

தேய்ப்பு விஷயத்தில் நான் சொன்னால் அவன் மறுத்துப் பேச மாட்டான்.

அவன் டீக்குப் போனதும் அதன் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சும்மாத்தான். விரலுக்கு விரல் சரியாக உட்கார்ந்தது. ஆள்காட்டி விரல் தடம் மட்டும் பாதி. எனக்கும் அந்த விரல் பாதிதான், சின்ன வயசில் ஃபேன் பெல்ட் தின்றது. அதனால் என்ன, பாதி விரல்காரன் ஊரில் நான் ஒருத்தன்தானா.

மே 29, வியாழன்

ஒரு பக்கம் முடிந்த மாதிரி இருந்தது. எழுத்து போய்விட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கு. பெயிண்டுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய் 'ஹா' என்று ஊதவேண்டும். கண்ணாடியில் ஊதுவது போல ஆவி படியும். எழுத்து இருந்தால் ஆவியில் எழும்பி வந்துவிடும்.

ஊதினேன். 'ஊ' எழும்பி வந்தது. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தது. மறைந்தது. மறுபடி ஊதினேன். மறுபடி வந்தது.

"என்ன அண்ணாச்சி, வண்டிக்கு முத்தம் கொடுக்கிய?"

பின்னால் குழலி நிற்கிறாள். தூக்கிவாரிப் போட்டது. "பதிலுக்கு அதுவும் கொடுக்கான்னு பாக்கேன்" என்று சமாளித்தேன்.

"இருக்கட்டும், மதினிகிட்டச் சொல்லுதேன். மதினி வீட்டுலதான இருக்காங்க?"

"மக வீட்டுக்குப் போயிருக்கா."

எனக்கு மகளும் கிடையாது. இது ஆல்வினுக்குத் தெரியும். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் போய்க் கம்ப்ரஸரை ஆன் பண்ணினான். அது போடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. நல்ல பையன்.

போகும்போது ஆல்வின் கேட்டான். "எல்லா வண்டிக்கும் பேர் வைப்பிய. இதுக்கு மட்டும் ஏன் வைக்கல?"

"அதான் பேர் எழுதியே வந்திருக்கே" என்றேன்.

மே 31, சனி

கதவுப் பக்கம் பளபளப்பு ஏறிவிட்டது. குனிந்து பார்த்தால் என் முகம் தெரிகிறது. பின்னால் யாரோ நிற்கிற மாதிரியும் தெரிந்தது. நின்ற விதம், தலையைச் சாய்த்து, வேலை முடிந்ததா என்று கேட்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தேன். ஆணியில் தொங்குகிற என் துண்டு. நல்லவேளை ஆல்வின் பார்க்கவில்லை, துண்டுக்குப் பயந்தவன் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பான்.

நான்தான் துண்டிடம் கேட்டேன், 'என்னட்டீ' என்று. அதை அவன் கேட்டிருக்க மாட்டான்.

ஜூன் 1, ஞாயிறு

சீசன் சீக்கிரம் வந்துவிடும் என்று பேப்பரில் போட்டிருக்கு. மலைப்பக்கம் கறுத்துத்தான் கிடக்கிறது. இந்த நேரம் வந்தால் உலகு ஆரம்பித்துவிடுவாள். உலகு என்றால் உலகம்மாள், என் வீட்டுக்காரி.

"ஊர்ல ஓடுத காரையெல்லாம் தேய்க்கிய. என்னைய ஒரு நாளு ஒரு கார்ல வச்சு அருவிக்குக் கூட்டிட்டுப் போவக் கூடாதா?"

"உனக்கு எதுக்குட்டீ அருவி? குழாயத் தொறந்தாலே உனக்குக் குத்தாலத் தண்ணிதான்."

"ஆமா, குழாய்க்கு அடியில நின்னு குதிக்கேன் நான்."

"குதிச்சிராத. குழாய் தாங்காது."

இப்படியே பேசி ஒவ்வொரு சீசனும் போகும். சிரித்துக்கொண்டேதான் திட்டுவாள். போன ஆடியில் ஆள் போய்விட்டாள். அந்த மாதிரி வண்டியில் அவள் ஏறினது ஒரே தடவைதான். அதிலும் படுத்துக்கொண்டே போனாள் மகாராணி. வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இதை எழுதினதும் கொஞ்ச நேரம் ஓடவில்லை. பேனா சரியில்லை.

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கு ஊதினால் எதுவும் வரவில்லை. பாட்டிலில் தண்ணீர் அடித்தும் பார்த்தாயிற்று. 'தி' மட்டும் வால் தெரிகிறது. அந்த ஓரத்தில் பெயிண்ட் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. ஆல்வின் விளக்கைப் பிடித்துப் பார்த்து, "போதும் அண்ணாச்சி, இதுக்கு மேல தேய்ச்சா தகரம் தெரியும்" என்றான். மெஷினை வைத்துவிட்டு வெறும் கையாலேயே பாலிஷ் போட்டேன், குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி. வால் போச்சு.



ஜூன் 5, வியாழன்

சாரல் விழுந்துவிட்டது!

காலையில் மேற்கே இருந்து பொடிப்பொடியாக வந்தது. வேனை வெளியே தள்ளி நிறுத்தினோம். ஆல்வின் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், குழலி நடுவில் புடவையைத் தலையில் போட்டுக்கொண்டு. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வண்டி நனைந்தது. பலகை முழுக்க முத்து முத்தாக ஒரே சீராக நின்றது. எழுத்து இல்லை. எங்கேயும் இல்லை.

குழலி நனைந்த கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். "அழுதிராத. இப்பத்தான் தேய்ச்சிருக்கு, உப்புத் தண்ணி படக்கூடாது" என்றேன். சிரித்துக்கொண்டே அழுதாள்.

அப்புறம் சுற்றி வந்து பின் கதவைத் திறந்தாள். "இது இன்னும் இருக்கே அண்ணாச்சி?"

"மடிப்புக்குள்ளதான இருக்கு. கதவச் சாத்துனா யாருக்குத் தெரியப்போவுது? அதத் துடைச்சா பெயிண்டு வந்திரும்."

அவள் தடத்தைப் பார்த்தாள். நான் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"சரி, நீங்க சொன்னாச் சரிதான். மொதல் ட்ரிப்புக்கு வாங்க, அருவி வரைக்கும் சும்மா கூட்டிட்டுப் போறேன்."

"முட்டி வலி" என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

பண்ணையார் திரும்ப வந்திருக்கிறார். மறுபடியும் மண் துணி. மறுபடியும் கோடு.

ஜூன் 9, திங்கள்

குழலி வேனோடு கடைக்கு வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

சனிக்கிழமையில் இருந்து ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள். ஒருத்தரும் ஏறவில்லை. ஸ்டாண்டில் பட்டமுத்து என்று ஒரு வேன்காரன். இறங்கி வருகிற ஆட்களிடம் போய், "அந்த வெள்ளை வண்டியில ஏறாதீய, அது சுடுகாட்டு வண்டி, ஏறினா ஒத்த வழிதான்" என்கிறானாம். அந்த வண்டியோட நம்பர் அவனுக்கு ஞாபகம் இருக்கிறதாம்.

"நீ என்ன சொன்ன?"

"இது அந்த வண்டியே இல்லன்னு சொல்லிட்டேன் அண்ணாச்சி. வேற என்ன சொல்ல? 'நாளைக்குக் காலையில ஸ்டாண்டுல எல்லாரும் நிக்கும்போது நீயே தண்ணிய ஊத்திப் பாரு, ஒரு அடையாளம் கண்டுபிடி, நான் வண்டிய எடுத்துட்டு இந்தப் பக்கமே வரல'ன்னு சொல்லிட்டேன். எல்லாரும் கேட்டாங்க. நீங்க ஒரு தடவ நல்லாப் பாத்திருங்க. அந்த ஸ்டாண்ட விட்டா எனக்கு நிக்க இடம் கிடையாது."

பார்த்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர் அடித்தேன், ஊதினேன், விளக்கு பிடித்தேன். சுத்தம். அவள் ஆல்வினோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் துணியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கதவைத் திறந்தேன். துணியை மடித்தேன். வேறு பக்கமாக மடித்தேன். கம்ப்ரஸர் கூட ஓடவில்லை, எல்லாம் அமைதியாக இருந்தது.

கதவைச் சாத்தினேன்.

"எல்லாம் சரியா இருக்கா அண்ணாச்சி?"

"சரியா இருக்கு" என்றேன்.

கதவு நன்றாகத்தான் சாத்திக்கொள்கிறது. யாரும் பின்னால் திறந்து பார்க்கப் போவதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் விட்டுப்போகும்.

காலையில் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. ரயில் வந்து நின்றிருந்தது. விருதுநகரில் இருந்து வந்த பொம்பளைகள் ஒரு கூட்டம், தோளில் துண்டும் கையில் எண்ணெய்ப் பாட்டிலுமாக, வண்டி தேடிக்கொண்டு நின்றார்கள். ஸ்டாண்டு ஆட்கள் எல்லாரும் குழலி வேனைச் சுற்றி நின்றார்கள்.

பட்டமுத்து தண்ணீர்க் கேனைத் தூக்கி வந்து இந்தப் பக்கம் ஊற்றினான், அந்தப் பக்கம் ஊற்றினான். குனிந்து பார்த்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"என்னவே, கண்ணாடி வேணுமா?" என்று கேட்டேன். ஸ்டாண்டே சிரித்தது. எனக்குச் சந்தோஷம். அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பின்னாலயும் தொற. பாப்போம்" என்றான்.

"நல்லாப் பாரு. கண்ணு குளிரப் பாரு" என்று குழலியே போய்க் கதவைத் தூக்கி, இடது பக்கம் தள்ளி, திறந்து காட்டினாள். திறந்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே வெளுத்தது.

"இது என்னது?" என்றான் பட்டமுத்து. "குங்குமம்லா?"

"அது, வண்டிக்குப் பூசை போட்டப்ப..." என்று ஆரம்பித்தாள்.

"பூசை போடுதவன் கதவோட உள்பக்கத்தையா பிடிப்பான்? இது பொணத்துக்குப் பொட்டு வச்ச கை. எல்லாரும் பாருங்கப்பா!"

விருதுநகர்ப் பொம்பளைகள் ஓரடி பின்னால் போனார்கள். குழலி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் கோபமாகப் பார்க்கவில்லை.

"அது என் கை" என்றேன்.

முன்னால் போய் தடத்தின் மேல் கையை வைத்தேன். பாதி விரல் பாதித் தடத்தில் உட்கார்ந்தது.

"போன ஆடியில எம் பொண்டாட்டி இதுலதான் போனா. சுமங்கலியாப் போனா. நெத்தியில கடைசிப் பொட்டு நாந்தான் வச்சேன். வச்ச கையோட கதவச் சாத்தினேன்." வழக்கம் போலச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். வாய் மட்டும் சிரித்தது. "இது அந்த வண்டிதான். எழுத்த அழிச்சது நான். இதத் துடைக்கச் சொல்லி இந்தப் பிள்ள அன்னைக்கே சொல்லிச்சு. துடைக்க முடியாதுன்னு பொய் சொன்னவன் நான். அவ மேல குத்தம் இல்ல."

சாரல் விழுகிற சத்தம் கேட்டது.

பட்டமுத்து குரலை இறக்கினான். "அதுக்கில்ல அண்ணாச்சி... சனங்க ஏறணும்லா..."

"ஏறட்டும். இந்த வண்டி இதுவரைக்கும் ஒருத்தரையும் கொல்லல. போனவங்களத்தான் பத்திரமாக் கொண்டுபோய் விட்டிருக்கு. உன் வண்டில ஏறுதவன்தான்டே வழி பூரா சாமியக் கும்பிட்டுட்டு வாரான்."

முதலில் ஒரு ஆட்டோக்காரன் சிரித்தான். அப்புறம் எல்லாரும். பட்டமுத்துவும் வேறு வழியில்லாமல் பல்லைக் காட்டினான்.

"குழலி, குத்தாலத்துக்கு ஒரு ஆளு" என்றேன்.

ஏறினேன். குனிந்து, பின் கதவு வழியாகவே. முட்டி ஒன்றும் வலிக்கவில்லை. கடைசிச் சீட்டில் உட்கார்ந்தேன். புது ரெக்சின் வாசம். முன்னே அங்கே சீட்டு கிடையாது.

விருதுநகர்க் கூட்டத்தில் ஒரு பருத்த அக்கா, துண்டைப் பிழிந்துகொண்டே, "நாங்க மீன் வண்டியிலயே கல்யாணத்துக்குப் போனவக. மழை பெய்யுது, கதவத் தொறத்தா" என்று ஏறினார். ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி இடம் போச்சு. "அக்காவே போறாக" என்று இன்னும் நாலைந்து பேர். இரண்டு பேர் மட்டும் வரமாட்டோம் என்று பட்டமுத்து வண்டிக்குப் போனார்கள். அதுவும் சரிதான், அவனுக்கும் வீட்டில் உலை வைக்கணுமே.

வண்டி கிளம்பியது. பின் சக்கரத்துக்கு மேலே டக்டக் என்று ஒரு சத்தம். அது இன்னும் அப்படியே இருக்கு. போன தடவை அந்தச் சத்தத்தைத்தான் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

"என்னண்ணே, வெளிய அம்புட்டுப் பேச்சுப் பேசினீக, உள்ள வந்து வாயத் தொறக்க மாட்டேங்கீக?" என்று அந்த அக்கா கேட்டார். கண்ணாடி எல்லாம் ஆவி படிந்து கிடந்தது. கையால் துடைத்துவிட்டு வெளியே பார்த்தேன். குழலி முன்னால் இருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டினாள்.

ஆற்றுப்பாலம் வந்தது. பாலம் தாண்டினதும் இடது பக்கம் ஒரு ரோடு இறங்கும். போன தடவை அதில்தான் திரும்பினோம். அந்த முக்கு வந்ததும் என் உடம்பு தானாக இடது பக்கம் சாய்ந்தது. சாய்ந்து அந்த அக்கா மேலேயே இடித்துவிட்டேன். "பாத்துண்ணே" என்றார்.

வண்டி திரும்பவில்லை. நேராகப் போனது.

மலை தெரிந்தது. மேலே இருந்து கீழே வரை ஒரு வெள்ளைக் கோடு. எந்தக் காம்பவுண்ட் பசைக்கும் போகாத கோடு. பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினேன். "அந்தா பாரு" என்று சொல்லிவிட்டேன். வாங்க போங்க இல்லாமல் ஒருமையில். அந்த அக்கா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 12, வியாழன்

குழலி காலையில் அவசரமாக வந்து நிறுத்தினாள். நேற்றும் ஆள் கிடைத்ததாம். இன்றைக்கு ஒரு குடும்பம் பேசி வைத்திருக்கிறார்களாம்.

"அந்தக் கதவ நான் தொடல அண்ணாச்சி. இருக்கட்டும்னாலும் இருக்கட்டும். உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டாள்.

துணியை நனைத்து ஒரே ஒரு இழுப்பு. வந்துவிட்டது. காம்பவுண்டும் வேண்டியதில்லை, தின்னரும் வேண்டியதில்லை. வெறும் தண்ணீர்.

ஆல்வின் பார்த்துக்கொண்டே நின்றான். "பெயிண்டுக்குள்ள இறங்கிட்டுன்னு சொன்னிய?"

"ஏறி வந்திருச்சு முதலாளி" என்றேன்.

வேனுக்கும் பேர் வைத்தாயிற்று. மகாராணி. குழலி வந்து பேரைக் கேட்டுவிட்டு, "எழுதி ஒட்டிரவா?" என்றாள். "ஒட்டிராத தாயி, மறுபடி நான்தான தேய்க்கணும்" என்றேன்.

துணியில் இருந்து பாதி விரல் நுனியில் கொஞ்சம் சிவப்பு ஒட்டிவிட்டது. கையைக் கழுவவில்லை. மத்தியானம் சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டேன். "என்ன அண்ணாச்சி, புதுசா?" என்று ஆல்வின் கேட்டான்.

கையில் சூடு பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டேன்.